பேருக்கு மேல ரெண்டு புள்ளி

...இல்லங்குது பாரு! நீ இல்லவே இல்லையாம்! "பதிவு எதுவும் கிடைக்கவில்லை"ன்னு செவப்பு எழுத்துல போடுது, என்னமோ நான் அதுகிட்ட பொண்ணு கேட்டுப் போன மாதிரி. மூணாவது தடவ அடிச்சுட்டேன். பேரு நான்சி, தகப்பனார் பேரு ஜெரோம். ஒரு எழுத்து கொறையல. கண்ணு முன்னாடி குத்துக்கல்லாட்டம் நீ நிக்கிற, இது இல்லங்குது!

உக்காரு தாயி. அந்த ஸ்டூல்ல உக்காரு. ஒரு காலு ஆடும், சொவத்துப் பக்கமா சாஞ்சுக்க. பதறாத. இந்தப் பங்குக் கோயில் ஆபீஸ்ல இருபத்திரெண்டு வருஷமா ஜெயமேரிங்கிற ஒருத்தி உக்காந்திருக்கா. ஞானஸ்நானச் சீட்டு கேட்டு வந்த யாரையும் வெறுங்கையோட அனுப்புனதில்ல. ஒரே ஒருத்தரத் தவிர. அது ஒரு தனிக் கதை, பின்னாடி சொல்றேன்.

மணி என்னாச்சு? பதினொண்ணேகாலா? ...தெரியும்த்தா, தெரியும். நீ சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா? பன்னெண்டு அடிச்சா ஃபாதர் ஓலை நோட்டைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டுக் கெளம்பிருவாரு. நாளைக்குப் பூசையில உன் கல்யாண ஓலைய வாசிச்சே ஆகணும். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், யாருக்காச்சும் தடை ஏதும் தெரிஞ்சா வந்து சொல்லுங்கன்னு மூணு ஞாயித்துக்கெழம கேக்கணும்ல? மூணாவது ஓலை முடிஞ்ச மறுநா திங்கக்கெழம உனக்குக் கல்யாணம். புதன்கெழம திருநீறு பூசியாச்சுன்னா தவக்காலம். தவக்காலத்துல ஏது மேளம், ஏது தாலி? நாளைக்கு விட்டா ஈஸ்டருக்கு அப்புறந்தேன். அதுக்குள்ள உன் மாப்பிள்ள மஸ்கட்டுக்குப் பறந்துருவாரு. அடுத்த லீவு ரெண்டு வருஷங்கழிச்சுங்கிற. அம்புட்டும் எனக்கு மனப்பாடம். நீ காலையில வந்ததுலருந்து நாலு தடவ சொல்லிட்ட.

நோட்டுல பாக்கலாமேன்னுதான கேக்குற? நோட்டு எங்க இருக்கு! கரையான் அரிச்சிருச்சுன்னு அம்புட்டு நோட்டையும் பைண்டிங்குக்குத் தூக்கிட்டுப் போயிட்டாய்ங்க. வர பத்து நாளாகும். இந்தப் பொட்டிய விட்டா வேற கதியில்ல.

என்னையக் கேட்டா, நீ செத்த நேரம் வெளிய அந்த மாதா கெபியில போயி உக்காந்து ஒரு அம்பத்துமூணு மணி ஜெபமாலை சொல்லிட்டு வந்துரு. மாதா கைவிடமாட்டா. நீ ஜெபத்தை முடிச்சிட்டு வர்றதுக்குள்ள சீட்டு தயாரா இருக்கும். ...வேணாமா? ம்ம். இந்தக் காலத்துப் புள்ளைகளுக்கு ஜெபமாலைன்னாலே கசக்குது. சரி உக்காரு. ஆனா என் முதுகுக்குப் பின்னாடி வராத. எனக்கு யாராச்சும் பின்னாடி நின்னா விரல் தடுமாறும். இந்தக் கம்ப்யூட்டர் டிவிய இப்பிடித் திருப்பி வச்சுக்கிறேன். அங்கிட்டு வெயிலு அடிக்குதுல்ல.

எல்லாம் அந்த ஃபாயிஸா பண்ணுன வேலை! யாருன்னு கேக்குறியா? பேகம்பூருப் பொண்ணு. ஏதோ பெங்களூரு கம்பெனிக்கு வீட்டுல இருந்தே வேலை பாக்குது. நம்ம ஃபாதரு முந்தி ஸ்கூல்ல கணக்கு எடுத்தப்ப அவருகிட்ட படிச்ச புள்ளையாம். அந்த விசுவாசத்துக்கு நம்ம கம்ப்யூட்டர ஓசியில பாத்துக்குடுக்குது. நல்ல புள்ளதேன். நோன்பு மாசம் வந்தா எனக்குன்னு தனியா தூக்குவாளியில கஞ்சி கொண்டாந்து குடுக்கும். நான் கொறை சொல்லல. ஆனா என் வயித்தெரிச்சலைக் கொட்டிக்கிட்டா பாரு, அத நான் எங்க போயிச் சொல்ல!

இரு, முதல்லருந்து சொன்னாத்தேன் உனக்கு வெளங்கும். பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி, இந்தப் பங்குல இருக்குற ஞானஸ்நான நோட்டு அம்புட்டையும் கம்ப்யூட்டர்ல ஏத்துனது யாரு? நான். பதினோராயிரம் பேரு. இங்கிலீஷுல, ஒத்த விரலால. இந்த விரலு பாரு, வளைஞ்சு போயிருக்கா? அதுல வளைஞ்சதுதேன். அப்ப அந்த ஆகப் பழைய நோட்டு இருக்குல்ல, பிரெஞ்சுக்காரச் சாமியாரு காலத்துது... அதைத் தொறக்குறேன், சில ஆளுக பேருல மட்டும் எழுத்துக்கு மேல குச்சி போட்டிருக்கு. ஒருத்தருக்குத் தொப்பி. ஒருத்தருக்கு ரெண்டு புள்ளி. எல்லாருக்கும் இல்ல, கவனிச்சுக்க. சில பேருக்கு மட்டும். யாருக்குன்னு பாக்குறேன்... தொப்பி போட்டிருக்கது நம்ம கோயிலுக்கு மணி வாங்கிக் குடுத்தவரு! ரெண்டு புள்ளி, இந்த எடத்தையே எழுதிக் குடுத்தவரு! எனக்கு அப்பிடியே மேலு சிலுத்துப் போச்சு. ஆஹா, சாமியாரு ஆளுக்குத் தகுந்த மாதிரி மரியாதை போட்டிருக்காருய்யா!

...சிரிக்காத. நீயா இருந்தாலும் அப்பிடித்தேன் நெனைச்சிருப்ப. அது அவய்ங்க ஊரு எழுத்து, படிக்கிறப்ப சத்தம் மாறும், அதுக்குப் போட்டதுன்னு இந்த ஃபாயிஸா இப்ப வந்து சொல்லுது. பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி யாரு வந்து சொன்னா? எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதேன். நம்ம ஊருல எதுக்கும் ஒரு மரியாதை உண்டு. திருவிழாவுல கொடி யாரு தொடுறது, மாலை யாருக்கு மொதல்ல, சப்பரம் எந்த வாசல்ல நிக்கிது... எல்லாத்துக்கும் ஒரு வரிசை. கம்ப்யூட்டர்ல மட்டும் எல்லாரும் ஒரே மொட்டை எழுத்தா நின்னா எப்பிடி?

அதனால நானே போட ஆரம்பிச்சேன். குடும்பத் தலைவருக எல்லாருக்கும். அதுக்கு ஒரு எடம் இருக்கு, கம்ப்யூட்டருக்குள்ள. தொட்டா ஒரு பொட்டி தொறக்கும், எழுத்தெல்லாம் சீவிச் சிங்காரிச்சு வரிசையா நிக்கும். பாக்கவே அம்புட்டு அழகு! கோயிலுக்கு ஃபேனு வாங்கிக் குடுத்தவுகளுக்கு ஒத்தக் குச்சி போட்டேன். திருவிழா அசனச் சாப்பாட்டுக்கு அரிசி மூட்டை எறக்குனவுகளுக்கு ரெண்டு புள்ளி. பாட்டுக் கூட்டத்துல இருக்கவுகளுக்குப் பாம்பு மாதிரி ஒண்ணு நெளியும், அத. ஏன்னா அவுக கொரலு அப்பிடித்தேன் நெளியும். வெளிநாட்டுச் சம்பாத்தியம்னா ஒரு வட்டம், ஏரோப்ளேன் ஜன்னலு மாதிரி. ராத்திரி பகலா ஒக்காந்து யோசிச்சு யோசிச்சுப் போட்டேன்த்தா. ஒருத்தருக்கு ஒண்ணு கூடிரக் கூடாது, கொறஞ்சிரக் கூடாது. ஒரு பைசா கூட யாருகிட்டயும் வாங்கல.

ஆரம்பத்துல ஒரு பயலுக்கும் தெரியல. சீட்டு அச்சடிச்சுக் குடுக்கக் குடுக்க மெல்லத் தெரிஞ்சு போச்சு. ஒருநா ஆனந்த்ராஜ் வந்து நிக்கிறாரு, தெரியும்ல, ரைஸ்மில்லுக்காரரு. கையில ஒரு வாழைத்தாரு. "ஜெயமேரி, என் சம்பந்தி பேருக்கு மேல ரெண்டு புள்ளி இருக்கு, என் பேருக்கு ஒத்தக் குச்சிதேன் இருக்கு. நாளப்பின்ன நான் எப்பிடி அவரு வீட்டுல கை நனைப்பேன்?"ங்குறாரு. நான் சொன்னேன், அண்ணே, நீங்க ஃபேனு குடுத்தீக, அவரு அரிசி குடுத்தாரு, ஃபேனைத் திங்க முடியுமாண்ணேன். மனுசன் அடுத்த திருவிழாவுக்கு ஆறு மூட்டை எறக்கிட்டாரே! அப்புறம் போடாம இருக்க முடியுமா? அன்னையிலருந்து இந்த வாசல்ல ஒரே கூட்டம். எனக்குத் தொப்பி வேணும், என் மச்சானுக்குக் குச்சிய எடு, என் மகன் சிங்கப்பூரு போயிட்டான் வட்டம் போடு... ரேஷன் கடை தோத்துச்சு போ.

...மணி பதினொன்னரை ஆச்சா? ஆகட்டும். இந்தா, தேடிக்கிட்டேதான இருக்கேன். வாய் பேசுனா கை நின்னுருமா?

நான்சின்னு மட்டும் அடிச்சா என்னவா? அடிச்சா நாப்பது நான்சி வருவாளுக. அம்புட்டுப் பேரையும் ஒவ்வொண்ணாப் பாத்து முடிக்க சாயங்காலம் ஆயிரும். தகப்பன் பேரு போட்டாத்தேன் நேரா வந்து விழும். அதுக்கு உங்கப்பா பேருக்கு நான் என்ன போட்டேன்னு தெரியணும். அதேன் ஞாபகம் வரமாட்டேங்குது. உங்கப்பா கோயிலுக்கு என்ன குடுத்தாரு? ...டிராக்டரா? திருவிழாவுக்குச் சப்பரம் இழுக்க வருஷா வருஷம் டிராக்டர் குடுப்பாரா? ஓ... ஆமாமா. கேள்விப்பட்டிருக்கேன். சாணார்பட்டிப் பக்கம் மெக்கானிக்கு ஷெட்டு வச்சிருக்கவருதான. சரி, ஒத்தக் குச்சி போட்டுப் பாக்குறேன்... இல்ல. ரெண்டு புள்ளி... இல்ல. பாட்டுப் பாடுவாரா? பாடமாட்டாரா? எதுக்கும் பாம்பு போட்டுப் பாப்போம்... ம்ஹூம். தொப்பி... தொப்பியெல்லாம் உங்கப்பாவுக்கு நான் போட்டிருக்க மாட்டேன். அது வந்து... தொப்பி ரொம்பப் பெரிய மரியாதை, அதுக்குச் சொன்னேன்.

எங்க விட்டேன்? ஆங், செபஸ்தியம்மா பெரியம்மா. அவுகதேன் நான் சொன்ன அந்த ஒருத்தரு. எழுபத்தஞ்சு வயசு. பேரன் புள்ளைக்கு ஞானத்தாயா நிக்கப் போறேன், என் ஞானஸ்நானச் சீட்டைக் குடுன்னு வந்தாக. அவுக பேருல எத்தனை எழுத்து! எழுத்துக்கு ஒண்ணா அஞ்சாறு எடத்துல நான் மரியாதை பண்ணி வச்சிருந்தேன். தங்கமான மனுசி, நாப்பது வருஷமா அசனத்துக்கு வெங்காயம் உரிச்சவுக. நான் அன்னைக்கு அவசரத்துல வெறும் பேரை அடிச்சிட்டேன். "பதிவு எதுவும் கிடைக்கவில்லை"! இதை நானும் சத்தமா வாசிச்சுத் தொலைச்சுட்டேன். ஆத்தாடி! அந்தம்மா அப்பிடியே தரையில உக்காந்துருச்சு. "எனக்குத் தண்ணியே ஊத்தலையா? அப்ப நான் எழுபத்தஞ்சு வருஷமா யாருடி? நான் பூசையில நாக்குல வாங்குன நன்மை எல்லாம் செல்லாதா? அந்த மனுசனுக்கும் எனக்கும் நடந்த கல்யாணம்?"னு மாருல அடிச்சுக்கிட்டு அழுகுது. ஃபாதரு ஓடியாந்தா அவரு காலைப் பிடிச்சிக்கிட்டு, "சாமி, இப்பயே ஒரு சொம்பு தண்ணிய எடுத்து ஊத்துங்க"ன்னு விடமாட்டேங்குது. அன்னைக்குச் சாயங்காலமே ஃபாதர் ஃபாயிஸாவுக்குப் போனைப் போட்டுட்டாரு.

அந்தப் புள்ள வந்து உக்காந்துச்சு. பாத்துச்சு பாத்துச்சு, ஒரு அரைமணி நேரம் பாத்துச்சு. அப்புறம், "அக்கா, இதெல்லாம் யாருக்கா போட்டா?"ன்னுச்சு. நாந்தேன்னேன், பெருமையா. அது தலையில கைய வச்சிக்கிட்டு, "அக்கா, நமக்குத்தான் அது ஒரு எழுத்து, மேல ஒரு புள்ளி. மெஷினுக்குப் புள்ளி வச்சா அது வேற எழுத்துக்கா, வேற ஆளு"ன்னுச்சு. பத்து நிமிஷம் டக்கு டக்குன்னு எதையோ தட்டுச்சு. "முடிஞ்சுச்சுக்கா. நான் எதையும் அழிக்கல. புள்ளி, குச்சி எல்லாம் உள்ள பத்திரமா இருக்கு. தேடுறப்ப மட்டும் மெஷினு அதைக் கண்டுக்காது"ன்னுச்சு.

கண்டுக்காதா! எனக்கு வந்துச்சு பாரு கோவம். கண்டுக்கிறதுக்குத்தானடி போட்டேன்! "இல்லக்கா, நாங்க பள்ளிவாசலுக்குப் போறப்ப செருப்பை வெளிய விட்டுட்டுத்தான உள்ள போறோம், அந்த மாதிரி"ங்குது. நல்லாருக்கும்மா ஒன் ஞாயம், வெளிய வரும்போது அவுகவுக செருப்பு அவுகவுகளுக்குக் கெடைக்குமாண்ணு கேட்டேன்.

மூணு நாளு சண்டை. போன்ல ஒரு நாளு, நேர்ல ரெண்டு நாளு. நான் சாப்பிடாம கொள்ளாம கெடந்தேன். கடைசில அந்தப் புள்ளைக்கே பொறுக்காம ஒரு கட்டம் போட்டுக் குடுத்துச்சு. இந்தா மேல சின்னதாத் தெரியுதுல்ல, அதுல டிக் அடிச்சா குறியக் கண்டுக்காம தேடும். எடுத்துட்டா கண்டுக்கும். "டிக்கை எடுக்காத ஜெயமேரி"ன்னு ஃபாதரு தெனமும் சொல்லிட்டுப் போவாரு. அவரு அங்கிட்டுப் போனதும் நான் எடுத்துருவேன்.

...என்னது? ஏன் இப்பிடி முறைக்கிற? ...அந்த டிக்கை அடிச்சா நீ வந்துருவியான்னு கேக்குறியா? ம்... வருவ. வராம எங்க போவ. ஆனா அடிக்கமாட்டேன்.

மாட்டேன்னா மாட்டேன். நீ அழுதாலும் சரி. ...இந்தா பாரு நான்சி, அழுகாத. உனக்குப் புரியாது. எங்கப்பா யாரு தெரியுமா? இந்தக் கோயிலுக்கு மணியடிச்சவரு. நாப்பது வருஷம். காலையில நாலரைக்கு, மழையில, காய்ச்சல்ல, எங்கம்மாவைப் பொதைச்ச மறுநாளும். அந்த மணியில யாரு பேரு வெட்டியிருக்கு? குடுத்தவரு பேரு. அடிச்சவரு பேரு எங்கயாச்சும் இருக்கா? ஒரு கல்லுல? ஒரு சுவத்துல? திருவிழா மாலையில ஒரு பூவு அவருக்குன்னு வந்திருக்கா? மணி வாங்கிக் குடுத்தவருக்குச் சாமியாரு ஒரு தொப்பி போட்டாருன்னா, அதை நாப்பது வருஷம் அடிச்சவருக்கு என்ன போடணும்? நான் போட்டேன். தொப்பியும் போட்டேன், ரெண்டு புள்ளியும் போட்டேன். போட்டுட்டு இந்த மேசையில தலைய வச்சு அழுதேன். இந்த ஒலகத்துலயே எங்கப்பாவுக்கு மரியாதை இருக்கது இந்தப் பொட்டிக்குள்ள ஒரு எடத்துலதேன். அதைப் போயி கண்டுக்காதன்னு இதுகிட்ட நானே என் கையால சொல்லுவனா? நீ சொல்லுவியா?

...சரி. சரித்தா. உன் கல்யாணம் பெருசுதேன். நான் இல்லன்னு சொல்லல. பதினொன்னே முக்காலா? நீ ஒண்ணு பண்ணு. கெபிக்குப் போக வேணாம், இந்த வாசல்ல மட்டும் போயி நில்லு. ஃபாதரு கெளம்புறாரான்னு பாத்துச் சொல்லு. ரெண்டே நிமிஷம். ரெண்டு நிமிஷம் என்னையத் தனியா விட்டியன்னா... எதுக்குன்னு கேக்காத. போயேன் தாயி, ஒனக்குப் புண்ணியமாப் போகும்... ஏய், ஏய்! இங்கிட்டு எதுக்கு வர்ற? மவுஸை விடு! விடுடி! என் கம்ப்யூட்டர்... அதைத் தொடாத... அய்யோ அந்தோணியாரே, டிக்கை அடிச்சுட்டாளே!

...

வந்துருச்சு.

ம்... வந்துருச்சுல்ல. சந்தோசம். நீ அந்தப் பக்கம் திரும்பிக்க, நான் அச்சடிச்சுத் தர்றேன். பாக்காத. பாக்காதங்கிறேன்ல...

...அதுவா? அது ஒண்ணுமில்ல. தூசி. கண்ணாடியில தூசி இருக்கும்.

...தூசி இல்ல. சரி. கொக்கி. உங்கப்பா பேருக்குக் கீழ ஒரு கொக்கி. போதுமா? மேல போடுறது மரியாதை, கீழ போடுறது... கீழ போடுறதுதேன். பதினோராயிரம் பேருல ஒரே ஒருத்தருக்குத்தேன் போட்டேன். நீ காலையில உள்ள வந்து ஜெரோம் பொண்ணுன்னு சொன்னதுமே எனக்கு இந்தக் கொக்கி ஞாபகம் வந்துருச்சு. கொக்கியோட அடிச்சா அப்பவே வந்திருப்ப. ஆனா நீ பாத்துருவியே! அதேன் வெளிய போ, வெளிய போன்னு அம்புட்டுக் கெஞ்சுனேன். நீ அங்கிட்டுப் போனா அதை அழிச்சுட்டுச் சீட்டைக் குடுத்துரலாம்னு. குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுங்கும்னு சும்மாவா சொன்னாய்ங்க.

உங்கப்பா என்ன பண்ணுனாரா? சொல்றேன். இனி மறைச்சு என்ன ஆகப் போகுது. நான் இந்த நோட்டெல்லாம் ஏத்துன வருஷம், திருவிழாச் சப்பரம் எங்க தெருவுக்கு வருது. எங்கப்பா செத்து முப்பது நாளுதேன் ஆகியிருக்கு. அந்த வருஷம் ஒரு வருஷமாச்சும் சப்பரம் எங்க வாசல்ல நிக்கும், அவருக்காக நிக்கும்னு நான் உப்பு, மெளகு, ரோசாப்பூ மாலை எல்லாம் தாம்பாளத்துல வச்சுக்கிட்டு நின்னேன். டிராக்டர் முன்னாடி "ஜெரோம்"னு பெருசா எழுதியிருக்கு. சீரியல் லைட்டு கண்ணைக் கூசுது, ஓட்டுறவரு மூஞ்சி கூடத் தெரியல. நிறுத்துங்கய்யான்னு கத்துறேன். நிக்கலத்தா! டபடபடபன்னு என்னையத் தாண்டிப் போயிருச்சு. தெருவே பாத்துச்சு. மாலைய யாருக்குப் போடுறது? திருப்பி எடுத்துட்டுப் போயி எங்கப்பா படத்துக்குப் போட்டேன். அன்னைக்கு எடுத்த முடிவு, ஜெரோம் வீட்டாளுக மூஞ்சியில முழிக்கக் கூடாதுன்னு. மறுநா காலையில வந்து, உங்கப்பா பேரைத் தேடி எடுத்து...

...என்ன? என்னடி சொல்ற? ...அந்த வருஷம் உங்கப்பா ஊருலயே இல்லையா? சவுதியா? மூணு வருஷமா? ...ஏய், பொய் சொல்லாத. ...நீ ஏழாப்பு படிச்சியா? அவரு போன்லதான் திருவிழாப் பாட்டையே கேட்டாரா?

அடியாத்தி. சவுதின்னா நான் வட்டம்லடி போட்டிருக்கணும்!

அப்ப வண்டிய ஓட்டுனது யாரு? ...யாரோ ஒரு மாமா உங்க வீட்டுக்கு வந்து சாவி வாங்குனாரா? நீதான் சாவிய எடுத்துக் குடுத்தியா? ம்... செல்ப் ஸ்டார்ட் கெட்டுப் போச்சா... நிறுத்துனா இருபது பேரு தள்ளணும், அதனால கோயிலுக்குப் போறவரைக்கும் எங்கயும் நிறுத்தாதீங்கன்னு உங்கம்மா சொல்லி அனுப்புனாகளா? ...சரி, அவன் யாருங்கிறேன்? மறுநா வந்து அல்வா வாங்கிக் குடுத்து, யாருகிட்டயும் சொல்லிராதீங்க, என் பொண்டாட்டிக்குத் தெரிஞ்சா என்னையக் கொன்னுருவான்னு... யாரு அந்த எடுபட்ட பய?

...எந்த சேவியரு?

...ஆபீஸ்ல வேலை பாக்குற அக்காவோட வீட்டுக்காரரா.

...

அந்த மனுசன் மொபெட்டைக் கொண்டுபோயி கொளத்துக்குள்ள விட்டதுலருந்து வண்டி சாவியவே தொடக் கூடாதுன்னு சத்தியம் வாங்கி வச்சிருக்கேன், மாதா படத்து மேல. அன்னைக்கு ராத்திரி நான் தாம்பாளத்தோட அழுதுக்கிட்டு உக்காந்திருக்கேன். வந்தாரு. "அசனத்துக்குச் சோறு கிண்டுனதுல கையெல்லாம் வலிக்குது ஜெயா"ன்னாரு. நான் தைலம் தேச்சு விட்டேன். தேச்சுக்கிட்டே உங்கப்பாவை வைய்றேன், வாயில வந்ததெல்லாம் வைய்றேன். ஆமா ஜெயா, அவன் மோசமான பயதேன், மனுசனா அவன், அப்பிடின்னு கூடச் சேந்து அவரும் வைய்றாருத்தா! என் வீட்டுக்காரரு பேருல இருக்குற அம்புட்டு எழுத்துக்கும் ஏதாச்சும் ஒண்ணு போட்டு வச்சிருக்கேன். ஒரு எழுத்து காலியா இல்ல. தொப்பி மேல தொப்பி!

...ஆங்? ஆமா. மணி. ஆமாமா, இந்தா, அச்சடிக்கிறேன். மொதல்ல இந்தக் கொக்கிய எடுத்துர்றேன்... போச்சு. உங்கப்பாகிட்ட சொல்லிராத நான்சி. இல்ல, சொல்லு. ஜெயமேரி மன்னிப்புக் கேட்டான்னு சொல்லு. பன்னெண்டு வருஷம் ஒரு பாவமும் அறியாத மனுசனைக் கீழ போட்டு மிதிச்சிருக்கேன். வட்டம் போடவா? வேணும்னா ரெண்டு புள்ளியும்... வேணாமா? வெறும் பேரே போதும்கிறியா? ...

சரி. வெறும் பேரு.

இந்தா, பிரிண்டு வந்துருச்சு. சூடா இருக்கு, பாத்துப் பிடி. இரு, சீல் குத்தணும். கையெழுத்து. ஓடு, ஓடு, ஃபாதரு செருப்பு மாட்டிட்டாரு! ஃபாதர், ஒரு நிமிஷம்! ஓலை ஒண்ணு வருது, ஃபாதர்! இந்தப் புள்ளைக்குத் தடை ஒண்ணும் இல்ல, நான் சாட்சி! ...குடுத்துட்டாளா? ...வாங்கிட்டாரா? ...அப்பாடா. எழுதுறாரு.

என் போனு எங்க வச்சேன்... இந்தா இருக்கு.

ஹலோ. ஏங்க, நாந்தேன். எங்க இருக்கீக? ...சாப்பிட்டீகளா? ...வெஞ்சனம் நல்லாருந்துச்சா? ...ஒண்ணுமில்ல, கொரலு நல்லாத்தேன் இருக்கு. செத்த ஆபீஸ் வரைக்கும் வந்துட்டுப் போங்க. ...அவசரந்தேன். ...இல்லங்க, நடந்தெல்லாம் வர வேணாம், வெயிலா இருக்கு. டிராக்டர் எடுத்துக்கிட்டு வாங்க.